தண்ணீர் எப்போது வரும் என்று கேட்காதவள்

தன்னை ஒருவர் சோதிக்கிறார் என்று தெரிந்த பிறகு ஒரு மனிதன் ஒழுங்காக நடந்துகொண்டால், அந்த ஒழுங்கை எதில் சேர்ப்பது? சில வாரங்களாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். தாராவியில் ஒரு தையற்கடை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிற ஆளை நம்பி நம் வீட்டை விற்கக் கொடுத்தது எப்படி என்று கேட்டு எழுதியிருந்தாய். உன் பெரியப்பா உனக்கு எழுதிய கடிதத்தின் சூடு உன் கடிதத்திலும் இருந்தது. நீ கேட்டதற்கு நடந்ததையே பதிலாக எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் இதில் வருகிறவர்கள் பேசியதெல்லாம் அவரவர் தமிழில். அதை ஆங்கிலத்தில் போட்டால் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள். மெதுவாகப் படி. தை மாதம் உனக்குக் கல்யாணம். அதன் பிறகு என்றைக்காவது நீயும் ஒரு வீடு வாங்குவாய், என்றைக்காவது விற்கவும் விற்பாய். அப்போது இது உதவலாம்.

நிலைமை உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் எழுதவில்லை, நீ ஜாம்ஷெட்பூரில் உட்கார்ந்து கவலைப்படுவாய் என்பதால். செம்பூர் வீடு மனை வாங்கிய நாளிலிருந்தே என் பெயரில் இருக்கிறது, உன் அப்பா அப்படித்தான் பதிவு செய்தார். அவர் போன பிறகு இந்த இரண்டு வருடங்களாக நான்கு அறைகளில் ஒன்றில் மட்டும் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் இறங்கி மாறி, கசங்கிய புடவையோடு மாட்டுங்கா கல்லூரியில் வேதியியல் வகுப்புக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். மாட்டுங்காவில் கல்லூரியிலிருந்து நடக்கிற தூரத்தில் இரண்டு அறைகள் உள்ள பிளாட் ஒன்று விலைக்கு வந்தது. மாடி, கிழக்கே ஜன்னல். பார்த்தவுடனே எனக்கு அது வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எனக்கு இப்படித் தெரிவது அபூர்வம். முன்பணம் கொடுத்தேன். மிச்சத்தை இந்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முன்பணமும் போகும், பிளாட்டும் போகும். செம்பூர் வீடு நல்ல விலைக்கு, நேரத்தில் விற்றால்தான் கட்ட முடியும். விற்காவிட்டால் எங்கே போவது என்பதை உன் பெரியப்பா முடிவு செய்துவிட்டார். தாணேயில் அவர் வீட்டுப் பின் அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலும் போட்டுவிட்டார். அவர் பாசமானவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யாரோ வெள்ளையடித்துக் கொடுத்த அறையில் மிச்ச வாழ்க்கையை வாழ்வதா, என் பெயர் போட்ட கதவுக்குப் பின்னால் வாழ்வதா என்பதுதான் எனக்கு இந்த விற்பனை. இதைப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வீடு விற்பதென்றால் நம் மனிதர்கள் சேஷு மாமாவிடம்தான் போவார்கள். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க காபி குடித்தபடி வீடு பேசி முடிக்கிறவர். பெரியப்பாவுக்கு ஏதோ வழியில் ஒன்றுவிட்ட அண்ணன். அவரை யாரும் புரோக்கர் என்று சொல்வதில்லை, மாமா என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே போனேன். சொந்தக்காரரிடம் பேசுவதுபோல எல்லாவற்றையும் பேசினேன்: உன் அப்பா, நீ, மாட்டுங்கா பிளாட், மாதக் கடைசி. அவர் ஒவ்வொன்றுக்கும் "அடடா" என்றார். நீ இதை மட்டும் செய்யாதே. உறவு சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதற்காக ஒருவர் தன் தொழிலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. அந்த வாரமே மாமா அனுப்பிய ஒருவர் வீடு பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "மாசக் கடைசிக்குள்ள முடிச்சாகணுமாமே" என்றார். பிறகு அறைகளைப் பார்க்காமலேயே, நான் சொன்னதில் கால் பங்கைக் குறைத்து ஒரு விலை சொன்னார். அவர் போனார். எனக்கு அழுகை வரவில்லை. சந்தேகம்தான் வந்தது, அதுவும் மிகத் தெளிவாக. சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தானே இத்தனை வருடங்களாக ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்னும் இரண்டு புரோக்கர்களிடம் போய், மாமாவிடம் சொன்ன அதே விஷயங்களை அதே வரிசையில் சொன்னேன். ஒருவர் செம்பூர் ஸ்டேஷன் எதிரில் கண்ணாடிக் கதவும் தொலைபேசியும் வைத்திருந்தார். மற்றவர் ஞானமுத்து, தாராவிக்காரர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கூப்பிடாமலே ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றவர். மார்ச் மாத வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார். வீடு விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன் என்றார். யார் சொன்னது என்றேன். "மேற்கு வீட்டு வாச்மேன் எங்க ஊர்க்காரன் டீச்சரம்மா, அவன ஒண்ணும் சொல்லிராதிய" என்றார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, சிரிப்பும் அதிகம். ஆனாலும் பரிசோதனையில் பிடித்தது பிடிக்காதது கிடையாது என்பதால் அவரையும் சேர்த்துக்கொண்டேன். பிறகு என்னோடு வேலை பார்க்கும் இயற்பியல் ஆசிரியை சரோஜாவை மூன்று பேரிடமும் வீடு வாங்க வந்தவளாக அனுப்பினேன். சரோஜாவை உனக்குத் தெரியும், நீ எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது கணக்குச் சொல்லிக்கொடுத்தாளே. கோயம்புத்தூர்க்காரி, மாமாவுக்கு அவளைத் தெரியாது. மாமியாரின் வைரத் தோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

சேஷு மாமா பேசியதை மட்டும் என் காதால் கேட்டேன். அந்த ஹோட்டலில் பெண்களுக்கென்று பலகைத் தடுப்பு வைத்த அறை ஒன்று உண்டு, அது மாமாவின் மேஜைக்குப் பின்னால்தான். நான் அதற்குள் ஒரு காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரோஜா செம்பூர்ப் பக்கம் வீடு வேண்டும் என்று ஆரம்பித்ததும் மாமா நம் வீட்டைத்தான் முதலில் சொன்னார். விலை அதிகம் போலிருக்கிறதே என்றாள் அவள். மாமா குரலைத் தாழ்த்தினார், ஆனால் பலகைக்குக் கேட்காத அளவுக்கு இல்லை. "அதைப் பத்திக் கவலைப்படாதீங்கோ. அந்த அம்மாவுக்கு ஆத்துக்காரர் இல்லை. ஒரே பிள்ளை, எங்கேயோ வடக்கே இருக்கான். மாட்டுங்காவிலே பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து மாட்டிண்டிருக்கா. மாசக் கடைசிக்கு மேல தாங்காது. ரெண்டு வாரம் பேசாம இருங்கோ, தானா இறங்கி வருவா." நான் சொன்னதில் ஒன்றுகூட விடுபடவில்லை. இந்த வயதில் அவருக்கு இருக்கிற ஞாபகசக்தியை அன்று உண்மையாகவே மெச்சினேன். காபி ஆறிப்போயிருந்தது. முழுவதும் குடித்தேன்.

கண்ணாடிக் கதவுக்காரர் சுருக்கமாக முடித்துவிட்டார். எந்த நாற்காலியில் உட்கார்ந்து, வாங்குகிறவர்களை மேலே ஏற்றுகிறேன் என்று என்னிடம் சொன்னாரோ, அதே நாற்காலியில் உட்கார்ந்து விற்கிறவளைக் கீழே இறக்குகிறேன் என்று சரோஜாவிடம் சொன்னார். தாராவியில் நடந்ததைச் சரோஜா மறுநாள் ஆசிரியர் அறையில் கோட்டு இல்லாமலேயே நடித்துக் காட்டினாள். ஞானமுத்துவிடம் வீட்டைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் வந்ததாம்: எத்தனை அறை, மழைக்கு ஒழுகுமா, ஸ்டேஷன் எவ்வளவு தூரம். அந்த அம்மா ஏன் விற்கிறாள் என்று கேட்டதும், "அத அந்தம்மாட்டல்லா கேக்கணும்" என்றாராம். புருஷன் இல்லாதவளாமே, அவசரமாக இருக்குமே, விலை குறையாதா என்று இவள் விடாமல் பிடித்திருக்கிறாள். அதற்கு அவர், "யக்கா, வீட்ட வந்து பாருங்க. பாத்த பொறவு இது அம்புட்டுப் பெறாதுன்னு தோணிச்சுன்னா சொல்லுங்க, நான் அம்மாட்ட சொல்லுதேன். பாக்காமலே கொறைக்க இது என்ன கத்தரிக்காயா?" என்றிருக்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லையாம். மாதக் கடைசி என்பது அவர் வாயிலிருந்து வரவே இல்லை. சரோஜா கையைத் தட்டினாள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. முடிவு இவ்வளவு சுத்தமாக வரும் பரிசோதனை எனக்கு வாய்த்ததில்லை.

அந்த மகிழ்ச்சி சனிக்கிழமை வரைக்கும்தான். ஞானமுத்துவை வரச் சொல்லி, வீட்டை அவரிடமே விடுவதாகச் சொன்னேன். அவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் அந்த அக்காவ இனி அனுப்பாண்டாம் டீச்சரம்மா. பாவம், தாராவி வரைக்கும் அலையுதாங்க" என்றார். எந்த அக்கா என்றேன். அவர் சிரித்தார். "வைரத் தோடெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பம்பாயில வீடு வாங்க வார பொம்பள தண்ணி எப்ப வரும்னு கேக்காமப் போவாளா?" அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. குழாயில் காலை எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எவ்வளவு நேரம் நிற்கும், மாடிக்கு ஏறுமா என்று கேட்காமல் இந்த ஊரில் யாரும் ஒரு குளியலறையைக்கூட வாடகைக்கு எடுக்கமாட்டார்கள். எம்.எஸ்ஸி. படித்த இரண்டு பேர் உட்கார்ந்து போட்ட திட்டம். வைரத் தோடு வரைக்கும் யோசித்தோம், தண்ணீரை யோசிக்கவில்லை.

நான் எங்கே சிக்கிக்கொண்டேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். சரோஜா வந்தது சோதனைக்கு என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியானால் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தது குணமா, சாமர்த்தியமா? தெரிந்துகொண்டதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொன்னார். அது நேர்மை என்று நினைத்தேன். உடனே, அதுவும் ஒரு சாமர்த்தியமாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். என் மூளை அப்படித்தான் வேலை செய்யும், உன் அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். மற்ற இருவரும் என்ன செய்வார்கள் என்பது நிச்சயமாகத் தெரியும். இவர் என்ன செய்வார் என்பதுதான் தெரியாது. தெரிந்த கெடுதலைவிடத் தெரியாததைத் தேர்ந்தெடுத்தேன். சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். மற்ற இருவரிடமும் இருந்த சாவிகளை அன்றே திரும்ப வாங்கினேன். ஒரு வீட்டை மூன்று பேர் தூக்கிக்கொண்டு திரிந்தால் அது கடையில் கிடந்து வெளுத்த துணி மாதிரி ஆகிவிடும், இதையும் ஞாபகம் வைத்துக்கொள். சேஷு மாமா சாவியை மேஜையில் வைத்து, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நீங்கள்தான் மாமா என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாட்டுங்காவின் அந்தத் தெரு மிக அகலமாகத் தெரிந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா தாணேயிலிருந்து வந்தார். உட்காரவில்லை. "தாராவிக்காரன் கையிலே சாவியைக் கொடுத்திருக்கியாமே" என்றார். ஆமாம் என்றேன். "அவன் யாரைக் கூட்டிண்டு வருவான்னு தெரியுமோ?" வீடு வாங்குகிறவர்களை என்றேன். சேஷு நம் மனுஷன், நம்மவாளுக்கு நம்மவாதான் வேணும் என்றார். "நம் மனுஷர் என்பதால்தான் என்னைப் பற்றி அவருக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது. தெரிந்ததை மற்றவர்களுக்கும் சொல்கிறார்" என்றேன். உன் பெரியப்பா முன்னால் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பின் அறைக்கு மின்விசிறி போட ஆள் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

ஞானமுத்து கூட்டிக்கொண்டு வந்தது சுங்க இலாகாவில் வேலை பார்க்கும் ரத்தினம் என்பவரையும் அவர் மனைவி எஸ்தரையும். நாசரேத்துக்காரர்கள், மூன்று பிள்ளைகள். எஸ்தர் வாசல்படி ஏறும் முன்பே தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டாள். ஞானமுத்து என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. அவர்கள் வருவதற்கு முன் நான் அவரிடம் ஒரு விஷயம் பேசியிருந்தேன். காற்று திரும்பினால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வாடை வரும், அதை நானே முதலில் சொல்லிவிடட்டுமா என்று கேட்டிருந்தேன். "நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் டீச்சரம்மா. மூக்கு அவியகிட்டயும் இருக்கு" என்றார். எஸ்தர் கொல்லைப்பக்கம் நின்று இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள். "பழகிரும்" என்றாள் புருஷனிடம். அவ்வளவுதான். இரண்டு தடவை பேசினார்கள், ஒரு தடவை குறைத்துக் கேட்டார்கள், நான் முடியாது என்றேன், ஒப்புக்கொண்டார்கள். நான் முதல் நாள் என்ன விலை நினைத்தேனோ அதே விலை. எழுதும்போதே தலை நிமிர்கிறது. இப்படிச் சொல்வது எனக்கு அழகல்ல என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நாளை திங்கட்கிழமை, கோட்டைப் பக்கம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. அங்கே வாங்குகிற பணத்தை நாளை மாலைக்குள் மாட்டுங்காவில் கட்ட வேண்டும், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. பெரியப்பா சாட்சிக் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் எச்சரிக்கவும் செய்தார். "பதிவு ஆபீஸ் வராந்தாவிலே வச்சுத்தான் வாங்கறவன் விலையைக் குறைப்பான், பார். உன் தேதி அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். புரோக்கர் சொல்லாம இருப்பானா? உனக்கு அப்போ வேற வழி இருக்காது." அவர் சொல்வது நடக்காத விஷயமில்லை, அந்த வராந்தாவில் தினமும் நடப்பதுதான். ஞானமுத்துவுக்கு என் தேதி தெரியும். நான் கேட்காத இடங்களில், நான் அனுப்பாத ஆட்களிடம், இத்தனை நாளாக அவர் என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தை இன்று தபாலில் போடப்போவதில்லை.

திங்கள், இரவுச் சாப்பாட்டுக்கு முன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஞானமுத்து வழக்கம்போலத் தாமதமாக வந்தார், கோட்டோடு. நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ரத்தினம் எழுந்து அவரைத் தூணுக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார். ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டார். ஞானமுத்து தலையை ஆட்டினார், திரும்பவும் ஆட்டினார். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் கைப்பையின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, தாணேயின் பின் அறையில் கட்டில் எந்தப் பக்கம் போட்டிருக்கும் என்று யோசித்தேன். அவர்கள் திரும்பி வந்தார்கள். பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். எழுதியிருந்த விலையைக் குமாஸ்தா படித்தார், ரத்தினம் சரி என்றார், நான் கையெழுத்துப் போட்டேன், பெரியப்பா அதன் கீழே போட்டார். பணம் பேசியபடியே வந்தது.

வெளியே வந்ததும் எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே கேக்கலாம்லா? சத்தியமா சொல்லுங்க, வீட்டுல பேய் கீய் உண்டா?" என்றாள். எதற்கு இப்படிக் கேட்கிறாய் என்றேன். "பின்ன என்ன? எதுக்கு விக்காங்கன்னு இந்த மனுஷன்கிட்ட எத்தன மட்டம் கேட்டாச்சு. எங்க அண்ணனை விட்டுக் கேட்டோம், எங்க சபை பாதிரி ஐயரை விட்டும் கேட்டோம். இப்பம் தூணுக்குப் பின்னால வச்சு இவுகளும் கேட்டாக. எல்லார்கிட்டயும் ஒரே பாட்டு. அம்மாட்ட கேளுங்க, அம்மாட்ட கேளுங்கன்னு. இவ்வளவு மறைக்காரே, பேயாத்தான் இருக்கும்னு நான் ரெண்டு நாளு தூங்கல." பெரியப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், எல்லாம் கேட்டது. நான் எஸ்தரிடம் காரணத்தைச் சொன்னேன்: மாட்டுங்கா, கல்லூரி, மாதக் கடைசி, இன்றுதான் அந்தக் கடைசி என்பதையும். ரத்தினம் ஞானமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். "அடப்பாவி மனுஷா" என்றார். ஞானமுத்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவை விக்டோரியா டெர்மினஸில் தாணே வண்டி ஏற்றிவிடப் போனேன். ஏறும்போது, அந்த ஆளுடைய பெஞ்சு தாராவியில் சரியாக எந்த இடம் என்று கேட்டார். தையற்கடையை அடையாளம் சொன்னேன். பின் அறைக்கு மின்விசிறி வேண்டாம் என்றும் சொன்னேன். மாலையில் மாட்டுங்காவில் பணத்தைக் கட்டி, ரசீது வாங்கி, சாவி வாங்கினேன். விற்றவர் ஒரு வயதான வக்கீல். இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்று மரியாதைக்குக் கேட்டார். முன்பணம் கொடுத்த அன்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒன்றை மறந்திருந்தேன். இந்த மாடிக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன். விடியற்காலை வரும், நன்றாக ஏறும் என்றார். குழாயைத் திறந்து பார்த்தேன். அந்த நேரத்துக்கு வராது என்று தெரிந்தும் பார்த்தேன்.